சமணர் வீட்டுப் படியேறிய ஐயருக்கு

மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாத ஐயரவர்களுக்கு,

1942-இல் தாங்கள் மறைந்தீர்கள். மறு ஆண்டே ருக்மிணி தேவி அம்மையார் தங்கள் பெயரில் நூல்நிலையம் தொடங்கிவிட்டார். தாங்கள் சேர்த்த ஏடுகள் இப்போது பெசன்ட் நகர் அருண்டேல் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. எங்கள் திருவான்மியூரிலிருந்து நடந்தே போய்விடலாம். கடற்காற்று ஏட்டுக்கு ஆகுமா என்று தாங்கள் நிச்சயம் கவலைப்பட்டிருப்பீர்கள்.

இரவில் சாப்பிட்டானதும் கோடு போட்ட நோட்டில் சீவக சிந்தாமணியை எழுதிவருகிறேன். அச்சிலேயே கிடைப்பதை எழுதுவானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதினால்தான் எனக்குக் கண் ஓடாமல் நிற்கிறது. ஆனால் நான் பார்த்து எழுதுவது, தாங்கள் 1887-இல் பதிப்பித்துக் கொடுத்த பாட்டு. தங்கள் கையில் இருந்த ஏட்டில் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்று, காலும் ரகரமும் ஒன்று. எது நூலாசிரியர் திருத்தக்கதேவர் வாக்கு, எது நச்சினார்க்கினியர் உரை என்றுகூடத் தெரியாமல் வரி ஒரே ஓட்டமாக ஓடும். அதிலிருந்து 3,145 பாட்டைப் பிரித்தெடுத்திருக்கிறீர்கள்.

அதற்கு நன்றி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வந்தது, கும்பகோணத்தில் சமணர் வீட்டுப் படியேறினீர்களே, அதற்கு.

1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்று கேட்ட பிறகுதான் அது தங்கள் கைக்கு வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கரைத்துக் குடித்தவருக்கே அது பிடிபடவில்லை. வேறு ஒருவராக இருந்தால் கதையைப் பிடித்துக்கொண்டு அது சொல்லும் சமண சமயத்தை விட்டிருப்பார். தாங்கள் சைவ மடத்தில் படித்தவர். விளங்காத இடங்களை எடுத்துக்கொண்டு சமணர்களிடமே போனீர்கள். போன இடத்தில் வீடெல்லாம் தோரணம். என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து அன்றைக்குத்தான் பூர்த்தியானதாம்! பெரும் புலவர்களே மறந்துபோன நூலை அதே ஊரில் ஒரு வீட்டில் பயபக்தியோடு படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் ‘என் சரித்திர’த்தில் இந்த இடம் வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அந்தச் சமணர்களில் ஒருவரான சந்திரநாத செட்டியார் வீட்டு அம்மாள் தங்களைப் பவ்ய ஜீவன், பக்குவப்பட்ட உயிர் என்றாராமே. பட்டத்தையெல்லாம்விட அது பெரிதில்லையா?

பௌத்த நூலான மணிமேகலைக்கு அப்படிக் கேட்க ஒரு வீடும் இல்லை. மளூர் ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துச் சொல்லச் சொல்லப் பௌத்தம் கற்றீர்கள். கற்றதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் புத்த சரித்திரம், தருமம், சங்கம் என்று எளிய உரைநடையில் எழுதிக் கொடுத்தீர்கள். அதைப் படிக்காமல் மணிமேகலைக்குள் நான் நுழைந்திருக்கவே முடியாது.

எனக்குத் தெரிந்த சமண நயினார் குடும்பம் ஒன்று மயிலாப்பூரில் இருக்கிறது. நோட்டில் பென்சிலால் கோடிட்ட இடங்களை அவர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற வீடு. அதனால் நாலு மணிக்கே போய்விடுவது வழக்கம். தங்கள் பேரைச் சொல்லித்தான் முதல் நாள் உள்ளே போனேன்.

இப்படிக்கு,
திருவான்மியூர் வாசகி