பயணியும் மாலுமியும்

கோலா சுங்கை பாருவின் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலாக்கா நீரிணை விரிந்து கிடக்கும். உலகக் கப்பல் வழிகளுள் நெருக்கடி மிகுந்தவற்றில் ஒன்று அது. கரையின் பின்புறத்தே, உள்நாட்டில், கித்தாவும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள். அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆயினும் கடலைக் கடப்பது வேறு. கடலை அறிவது வேறு. முன்னது பயணியின் செயல்; பின்னது மாலுமியின் கல்வி.

விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, பால்வாளி சுமந்த பெற்றோரின் கனவு ஒரு நாற்காலியையே சுற்றி வந்தது. மகன் கிராணியாக வேண்டும். மழையிலும் வெயிலிலும் அவன் தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும். அக்கனவை எள்ளுதல் தகாது. பட்ட துன்பமே அதனைப் பெற்றெடுத்தது. எனினும் அத்தகைய நாற்காலியை விட்டெழுந்து கடலை நாடிய தமிழர் ஒருவரின் வரலாறு, இக்கரையில் வாழ்வோருக்கு நினைவூட்டத் தக்கது.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, இளமையில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலம் பணிபுரிந்தார். பின்னர்த் தந்தையைப் போலவே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் நல்ல பெயரும் வருவாயும் வாய்த்தன. அவ்வாழ்வு அப்படியே தொடர்ந்திருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்க முடியாது.

ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பிடியில் இருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். முதலில் வாடகைக் கப்பல் எடுத்தனர். எதிரியின் நெருக்குதலால் அது கைநழுவவே, 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே கொணர்ந்தனர்.

கப்பல் வாங்கிய கதையைத் தமிழர் பலரும் அறிவர். அக்கம்பெனியின் நோக்கங்களுள் இடம்பெற்ற மற்றொன்றை அறிந்தோர் சிலரே. இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய மக்களுக்குக் கப்பல் செலுத்தும் தொழிலைப் பயிற்றுதல், அதற்கெனக் கல்விச்சாலை நிறுவுதல், கப்பல் கட்டும் துறை அமைத்தல் ஆகியனவும் அந்நோக்கங்களில் அடங்கும். வழக்கறிஞரின் மேசையை விட்டெழுந்தவர் கப்பல் முதலாளியாக மட்டும் விரும்பவில்லை. கடற்கல்வி தரும் பள்ளி ஒன்றையும் எண்ணினார்.

அவ்வெண்ணத்தின் ஆழம் சற்றே சிந்தித்தால் விளங்கும். பாய்க்கப்பல் ஓட்டும் திறன் தமிழரிடம் அற்றுப்போய்விடவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளுடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. வாடையும் சோழகமும் கச்சானும் கொண்டலும் அறிந்த அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. நீராவிக் கப்பலுக்கோ அது மட்டும் போதாது. கடல் வரைபடத்தைப் படிக்கவும், கதிரவனின் உயரத்தை அளந்து கப்பல் நிற்குமிடத்தைக் கணக்கிடவும், கொதிகலனை ஆளவும் கற்க வேண்டும். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அச்சான்றிதழ் அன்று பெரும்பாலும் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது. கப்பல் சொந்தமாயினும் சுக்கான் பிறர் கையில் எனின், அது எவ்வகைச் சுதந்திரம்?

அப்பள்ளி எழவில்லை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாகவும் ஆள் ஏற்ற முன்வந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையான போது வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை மீண்டது. கடலை நாடிச் சென்றவர் வாழ்க்கைப்பாட்டுக்காக மீண்டும் வழக்கறிஞரின் மேசைக்கே திரும்பினார். இந்திய இளைஞரைக் கப்பல் அதிகாரிகளாக்கும் டஃப்ரின் என்னும் பயிற்சிக் கப்பல் 1927-இல் பம்பாயில் தொடங்கிற்று. 1936 நவம்பர் 18-இல் சிதம்பரனார் மறைந்தார்.

அவரை வீழ்த்திய அதே கம்பெனியின் கப்பல்தான், 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் தமிழரை ஏற்றி வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோருக்குக் கடல் என்பது வாந்தியும் அச்சமும் பிரிவும் தந்த நீர்ப்பரப்பு. மாலுமிகளுக்குத் தலைமை தாங்குபவனைக் குறிக்கும் ‘தண்டல்’ என்னும் சொல்லும், தோட்டத்தில் கூலிகளை மேய்ப்பவனைக் குறிக்கலாயிற்று. சொல் கரையேறியது, தொழில் கடலிலேயே தங்கிவிட்டது.

காலத்தின் போக்கைக் காணுங்கள்! சிதம்பரனார் எண்ணிய வகைக் கல்விச்சாலை, இன்று கோலா சுங்கை பாரு வட்டாரத்திலேயே நிற்கிறது. அக்காடெமி லாவுட் மலேசியா என்னும் கடற்பயிற்சிக் கல்லூரி கப்பல் அதிகாரிகளையும் பொறியாளர்களையும் உருவாக்கி வருகிறது. கடலில் பல்லாண்டு உழைத்துக் கப்பல் தலைவரானோர் கரைக்கு வந்து இளையோருக்குக் கற்பிக்கும் தொழிலும் இன்று மதிப்புடையதே.

மகன் கப்பலுக்குப் போகிறேன் என்றால் தாயின் நெஞ்சு துணுக்குறும், இயல்பே. மாதக்கணக்கில் முகம் காண இயலாது; காற்றும் அலையும் எவர்க்கும் உறவல்ல. ஆயினும் அச்சத்தை அடக்கும் மருந்து அறிவே. தூத்துக்குடியில் ஒருவர் தம் வாழ்வையே ஈடுவைத்தும் எழுப்ப முடியாத பள்ளி, இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் படியேறிச் சுக்கான் பிடிக்கக் கற்பார்களாயின், 1906-இல் எழுதிய நோக்கம் ஒன்று காலம் தாழ்ந்தேனும் நிறைவேறியதாகும்.