ஆசாரி கூலியும் ஹை-ஃபை ஸ்பீக்கரும்

எங்க களக்காடு பக்கம் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுறவங்கதான் ஒலி நிபுணர்கள். சத்தம் எவ்வளவு தூரம் போகுதுங்கிறதுதான் அளவுகோல். பக்கத்து ஊர்க்காரன் தூக்கம் கெட்டால் அது நல்ல செட்! ஹை-ஃபை விஷயம் இதுக்கு நேர் எதிர். ஒரு அறை, ரெண்டு பெட்டி, பாடுறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்கணும். கடையில் இதன் விலையைப் பார்த்தால் நமக்கு மூச்சு நின்னுடும். கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் 'ரெதம்' என்ற பெயரில் ஸ்பீக்கர் செய்து அமெரிக்கா வரைக்கும் அனுப்புகிறார். நம்ம தெற்கத்திச் சீமையிலேயே உலகத்தரம் சாத்தியம்தான், சந்தேகமில்லை. ஆனா அதெல்லாம் லட்சக்கணக்கு சமாச்சாரம். நான் சொல்ல வந்தது ஆயிரக்கணக்கில் முடிகிற கதை.

முதலில் பெட்டி எதுக்குன்னு பார்த்துடுவோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்குது. முன்னலையும் பின்னலையும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழிச்சிடும். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதனால் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடிச்சுப் பாட விட்டால் தகரம் மாதிரி கேட்கும், கனமே இருக்காது. பின்னலையை அடைச்சு வைக்கத்தான் பெட்டி. 1954-ல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலேயே நல்ல பேஸ் வரும்னு காட்டினார். அதுவரைக்கும் பேஸ் வேணும்னா பீரோ சைஸ் பெட்டிதான்.

இன்னொரு வழி, பெட்டியில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகுறது. இதைப் புரிஞ்சுக்க புத்தகமே வேண்டாம், வில்லுப்பாட்டு பார்த்திருந்தால் போதும். குடத்தின் வாயில் அடிச்சதும் 'தும்'னு ஒரு அடிக்குரல் வருமே, குடத்துக்குள்ள இருக்கிற காற்றும் வாயில் நிற்கிற காற்றும் சேர்ந்து ஆடுற ஆட்டம்தான் அது. குடம் பெரிசானால் குரல் இறங்கும், வாய் அகன்றால் ஏறும். ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதே விதி. நாங்க செய்தது 10 லிட்டர் பெட்டி. அதை 50 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்க 5 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் சுமார் 20 செ.மீ. துண்டு. ஆமாங்க, தண்ணி பைப்பேதான் :-)

இந்தக் கணக்கெல்லாம் முன்னாடி பெரிய கம்பெனிகளிலேயே பாதி குத்துமதிப்பாகத்தான் நடந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிச்சு எழுதினதும்தான் நிலைமையை மாற்றியது. ஒரு டிரைவரின் சில எண்கள் தெரிஞ்சால் அதுக்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய்னு காகிதத்திலேயே சொல்லிடலாம். இப்போ இலவச மென்பொருளே கணக்குப் போட்டுத் தருது. இல்லேன்னா பி.காம். படிக்கிற நான் இதில் மூக்கை நுழைச்சிருக்க முடியாது.

பெட்டி செய்தவர் எங்க தெரு ஆசாரி அண்ணாச்சி. முதல் சண்டை மரத்தைப் பற்றி.

"ஏ தம்பி, தேக்கு கெடக்கும்போது பிளைவுட்டுல எதுக்குல செய்யணும்? தேக்குல செஞ்சா பேரப்பிள்ள காலம் வரைக்கும் நிக்கும்லா!"

நிற்கும்தான். ஆனா வீணைக்குடம் பாடணும், அதனால் தஞ்சாவூரில் பலாமரம் தேடுறாங்க. ஸ்பீக்கர் பெட்டி பாடவே கூடாது. பெட்டி தன் பங்குக்குப் பாட ஆரம்பிச்சால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கும். அதுபோக முழு மரப்பலகை ஐப்பசி மழையில் ஊதி, சித்திரை வெயிலில் சுருங்கும். மூட்டு விலகினால் காற்று கசியும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. பி.பி.சி. 1970-களில் தன் தேவைக்கு வடிவமைச்ச எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர்கூட பிர்ச் பிளைவுட்தான். ஆக, 'மர ஸ்பீக்கர்' என்பதில் தேக்கு கண்ணுக்கு மட்டும். மேலே ஒட்டுற மெல்லிய வெனீரோடு சரி.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. பெட்டியை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வச்சுக் கேட்டார். உள்ளே குறுக்குச் சட்டத்தை நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வச்சார். நடுவில் வச்சால் ரெண்டு பக்கமும் ஒரே குரலாயிடுமாம். எந்த மென்பொருளும் எனக்கு அதைச் சொல்லலை.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஒரு ஜோடிக்கு அடக்கவிலை: 5 அங்குல டிரைவர் ரெண்டு 3,600, ட்வீட்டர் 1,400, சத்தத்தைப் பிரிக்கிற கிராஸ்ஓவருக்குச் சுருள், கெப்பாசிட்டர் வகையறா 900, 18 மி.மீ. பிளைவுட் அரை ஷீட் 2,000. வெனீர், பசை, பாலிஷ் 1,300. வயர், டெர்மினல், பஞ்சு 500. ஆசாரி கூலி மூணு நாளைக்கு 3,300. மொத்தம் 13,000 ரூபாய். இந்த அளவு சுத்தமான சத்தத்துக்கு இது மலிவுதான், ஏன்னா டீலர் கமிஷன், விளம்பரம், லாரி வாடகை எதுவும் இதில் கிடையாது.

கேட்டுப் பார்த்த சிநேகிதன் ஒருத்தன், "மக்கா, 15,000-க்கு வித்துருவோம்லே"ன்னு கிளம்பிட்டான். மூணு ஜோடிக்கு ஆளும் பிடிச்சான். அப்போதான் அண்ணாச்சி கேட்டார்:

"இப்பக் கை பழகிட்டு. அடுத்த ஜோடிய ரெண்டே நாள்ல முடிச்சிருவேன். அப்பக் கூலி ரெண்டு நாளைக்கா, மூணு நாளைக்கா?"

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் பத்து மார்க் கேள்வி இது! ஆனா கேட்டவர் மார்க்குக்குக் கேட்கலை. நாள் கூலி முறைப்படி அவருக்கு 2,200. அதாவது வேலை கத்துக்கிட்டதுக்குத் தண்டனையாக 1,100 ரூபாய் குறையும். ஹால்சி திட்டப்படி மிச்சமான நேரத்தில் பாதிக்கு ஊக்கத்தொகை, 2,750 வரும். ரோவன் திட்டத்தில் 2,933. மனப்பாடம் பண்ணும்போது ரெண்டுமே தாராள மனசுக்காரர்கள் கண்டுபிடிச்ச மாதிரி இருந்தது. இவர் முன்னால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், ரெண்டிலும் அவர் கைத்திறமையில் ஒரு பங்கு நமக்கு வந்துடுது. பீஸ் ரேட் ஒன்றில்தான் முழு 3,300-ம் அவருக்குப் போகும்.

சிநேகிதன் ஹால்சி பக்கம். "வியாபாரம்னா வியாபாரம்லே"ங்கிறான். நான் பீஸ் ரேட் பக்கம். அந்தக் குறுக்குச் சட்டத்தைத் தள்ளி வச்ச காதுக்கு அடக்கவிலையில் தனியாக ஒரு வரிகூட இல்லை. கூலியிலும் கைவச்சால், 'மலிவு'ங்கிறது யாரோட பணம்? ரெண்டு நாள் சண்டைக்கு அப்புறம் ஜோடிக்கு 3,300-னு பேசி முடிச்சோம், எத்தனை நாளில் முடிச்சாலும் சரி. விலை 16,000. பிடிச்ச மூணு பேரில் ஒருத்தர் கழண்டுக்கிட்டார்.

மிச்ச ரெண்டு ஜோடியில் ஒண்ணு வள்ளியூருக்குப் போயாச்சு. இன்னொண்ணு வெனீர் ஒட்டி, பாலிஷ் காயுது. மழை விட்டால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏத்தணும்.