ஐ.டி அறைக்குள் யார் வரலாம்? டி.வி காமெடிகள் கட்டிவைத்த செட்

போன் அடிக்கிறது. என்ன பிரச்னை என்று எதிர்முனையில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் ராய் கேட்டுவிடுகிறார், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?" இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் கேள்வியை டேப்பில் பதிவுசெய்து ஓடவிட ஆரம்பிக்கிறார் மனிதர்.

உலகம் முழுக்க ஹெல்ப் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களின் தேசிய கீதமாகவே ஆகிவிட்ட வசனம் இது. பிரிட்டனின் சேனல் 4-ல் 2006-ல் தொடங்கிய 'தி ஐ.டி க்ரவுட்' தொடரில் வருவது. 2013-ல் வந்த ஸ்பெஷலையும் சேர்த்தால்கூட மொத்தம் 25 எபிசோடுகள்தான்.

கதை நடப்பது ரெய்ன்ஹோம் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியில். மேல் மாடிகளில் கண்ணாடியும் வெளிச்சமும், பளிச்சென்று உடுத்திய மனிதர்களும். கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் ராயும் மாஸும் இருப்பது தரைக்குக் கீழே, பேஸ்மென்ட்டில். பழைய கம்ப்யூட்டர்கள், காமிக்ஸ், பொம்மைகள், போஸ்டர்கள் என்று கால் வைக்க இடமில்லாத அறை.

இந்தத் தொடரின் உச்சம் 2008-ல் வந்த ஓர் எபிசோடு. அவர்களின் மேனேஜர் ஜென், பங்குதாரர்கள் முன்னால் பேச வேண்டும். அவரைக் கேலிசெய்ய நினைக்கும் ராயும் மாஸும், சிவப்பு விளக்கு மினுக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்து, 'இதுதான் இன்டர்நெட்' என்கிறார்கள். ஜென் நம்பிவிடுகிறார். மேடையில் அதைத் தூக்கிக் காட்டும்போது கூட்டம் சிரிக்கும் என்று இருவரும் காத்திருக்க, அங்கேதான் ட்விஸ்ட். கூட்டமும் நம்பிவிடுகிறது! வாயைப் பிளந்து பார்க்கிறது. பிறகு ஒரு கைகலப்பில் பெட்டி நொறுங்க, இன்டர்நெட்டே போய்விட்டதென்று எல்லோரும் அலறி ஓடுகிறார்கள். தினமும் பயன்படுத்தும் ஒன்று எப்படி இயங்குகிறது என்று கொஞ்சமும் யோசித்திராத நம் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் காட்சி அது. கூச்ச சுபாவக்காரரின் கண்ணாடியையும் தலைமுடியையும் வைத்துச் சிரிப்பு மூட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தப் பெட்டியை வாங்கி ஏமாறுகிற ஆள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அறையில் இருக்கும் ஒரே பெண். இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் தெரியும் என்று புளுகிவிட்டு, ஈமெயில் அனுப்பத் தெரியும், மௌஸைக் கிளிக் செய்யத் தெரியும் என்று சமாளித்து வேலை வாங்கியவர். அவருக்குக் கிடைக்கும் பதவி 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்'. மெஷின் ஆண்களுக்கு, மனிதர்களோடு பேசுவது பெண்ணுக்கு. இப்படிப் பங்கு பிரித்துவிட்டுத்தான் முதல் எபிசோடே தொடங்குகிறது.

அமெரிக்காவில் 2007 முதல் 2019 வரை 12 சீசன்கள் ஓடிய 'தி பிக் பேங் தியரி' இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டது. நான்கு மேதாவி ஆண்கள், எதிர்வீட்டில் அறிவியல் தெரியாத அழகான பெண். விஞ்ஞானிகளாக பெர்னடெட்டும் ஏமியும் கதைக்குள் வந்து சேர்வதற்கு சில சீசன்கள் பிடித்தன. ஏமியாக நடித்த மயிம் பியாலிக் நிஜத்திலும் நரம்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எழுதியவர்களின் கற்பனையைவிட நிஜம் ஒரு படி முன்னால் இருந்திருக்கிறது.

'அட, காமெடிதானே, இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?' என்று கேட்கத் தோன்றலாம். ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. சப்னா செரியன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டடத்தில் ஓர் அறை. ஒரு பகுதி மாணவர்கள் வரும்போது அங்கே ஸ்டார் ட்ரெக் போஸ்டர், காமிக்ஸ், வீடியோ கேம் பெட்டிகள், குளிர்பான கேன்கள். ராயின் பேஸ்மென்ட்டேதான்! மற்றவர்கள் வரும்போது இயற்கைக் காட்சிப் படம், காபி கப்புகள், பொதுவான புத்தகங்கள். 'இதெல்லாம் வேறு வகுப்பினருடைய சாமான்கள், கண்டுகொள்ளாதீர்கள்' என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆர்வமா என்று கேட்டார்கள். ஸ்டார் ட்ரெக் அறையில் பெண்களின் ஆர்வம் ஆண்களைவிடக் குறைந்தது. மற்ற அறையில் அந்தச் சரிவு இல்லை. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறையில் கிடந்த பொருள்களே 'இது உங்கள் இடமில்லை' என்று சொல்லிவிட்டன.

அந்தப் பொருள்கள் எப்போதும் அங்கே இருந்தவையும் அல்ல. 1946-ல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். 1980-களின் நடுவில்கூட அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 37 சதவிகிதம் பெண்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பையன்களின் விளையாட்டுச் சாமானாக விற்கப்பட்டதும், 'வார்கேம்ஸ்', 'ரிவெஞ்ச் ஆஃப் தி நெர்ட்ஸ்' போன்ற படங்கள் வந்ததும் அதே பத்தாண்டில்தான். 2010 வாக்கில் அது 18 சதவிகிதம் ஆனது. டி.வி-யும் சினிமாவும் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கல்லூரிகளில் கதையே வேறு. 'வெயில்ல அலைய வேணாம், ஏசி ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை' என்று வீடே பார்த்து மகள்களை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கிறது. (அந்தக் காரணத்தைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்!) மலேசியாவிலும் இந்தப் படிப்பில் பெண்கள் ஏறக்குறைய பாதிப் பேர்.

இதையெல்லாம் ஓரளவு புரிந்துகொண்டு வந்தது ஹெச்.பி.ஓ-வின் 'சிலிக்கான் வேலி' (2014-2019). இதை உருவாக்கிய மைக் ஜட்ஜ் இயற்பியல் படித்தவர், 1980-களில் அங்கேயே கொஞ்ச காலம் இன்ஜினீயராக வேலை பார்த்தவர். அதனால் சிரிப்பு, சட்டையிலிருந்து வேலைக்கு நகர்ந்தது. இரண்டாவது சீசனில் கார்லா என்ற இன்ஜினீயர் சேர்கிறார். 'பெண் இன்ஜினீயர்' என்று அழைத்தால் அவருக்குக் கோபம் வரும். சில எபிசோடுகளிலேயே காணாமல் போய்விடுகிறார். 53 எபிசோடு ஓடிய தொடரில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அடுத்த சீசனில் வின்னி. ஃபேஸ்புக்கில் இன்ஜினீயர், கதாநாயகன் ரிச்சர்டின் புதுக் காதலி. எல்லாம் நன்றாகப் போகிறது, வின்னி கோடு எழுத உட்காரும் வரை. வரியைத் தள்ளி எழுத ரிச்சர்டு டேப் கீயை ஒருமுறை தட்டுவார். வின்னி ஸ்பேஸ் பாரை டக் டக்கென்று பலமுறை தட்டுகிறார். அந்தச் சத்தத்தை ரிச்சர்டால் தாங்க முடியவில்லை. வின்னியும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டேப்பா ஸ்பேஸா என்பதை விளக்க, எதிர்வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. சண்டை முற்றி, ஒவ்வொரு படியாக இறங்குவதுதான் ஸ்பேஸ், பல படிகளை ஒரே தாவாகத் தாண்டுவதுதான் டேப் என்று காட்டக் கிளம்பிய ரிச்சர்டு, மாடிப்படியில் உருண்டு விழுகிறார்.