வெளிச்சம் கூடக் கூட இருட்டும் சாயம்

லேசர் லேபில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதல் நாளே சில விதிகள் சொல்லப்படும். வாட்ச், மோதிரம் கழற்றிவிட வேண்டும். கீழே விழுந்த ஸ்குருவை எடுக்கிறேன் என்று கதிர் ஓடும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. முதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதில்தான் சிக்கல். 532 நானோமீட்டர் பச்சை லேசரைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால், அந்தப் பச்சைப் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியாது. புள்ளி தெரியாமல் மிரரை எப்படித் திருப்பி ஒழுங்குபடுத்துவது? "ஒரு நிமிஷம்தானே..." என்று கண்ணாடி நெற்றிக்கு ஏறும். லேபில் நடக்கும் கண் விபத்துகளில் பல இந்த ஒரு நிமிஷத்தில் நடப்பவைதான்.

கண் சிமிட்டித் தப்பிக்க முடியாதா? சிமிட்டக் கால் நொடி வேண்டும். கியூ-சுவிட்ச் லேசரின் ஒரு துடிப்பு சில நானோநொடிதான். ஒரு நானோநொடி என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இமைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போதாக்குறைக்குக் கண்ணே ஒரு லென்ஸ். இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் பாவையில் நுழைந்த ஒளியை, விழித்திரையில் சுமார் 20 மைக்ரான் புள்ளியாக அது குவித்துவிடும். கணக்குப் போட்டால் செறிவு ஒரு லட்சம் மடங்குக்கு மேல் கூடுகிறது! விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நகராமல் நிற்கும்போதுதான் விஷயமே புரியும். செத்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

ஆக, தேவைப்படுவது விசித்திரமான ஒரு பொருள். சாதாரண வெளிச்சத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பலமான துடிப்பு வந்தால், அந்தத் துடிப்பு முடிவதற்குள் தானே இருட்டாகிவிட வேண்டும். வெயிலில் கறுக்கும் மூக்குக் கண்ணாடி இதற்கு உதவாது. அது கறுக்கப் பல நொடிகள் ஆகும்.

சாதாரண சாயங்கள் இதற்கு நேர் எதிராக நடப்பவை. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் அடுத்து வருகிறவர் உட்காராமல் நேரே கடந்துபோக வேண்டியதுதான். அதுபோல, பலத்த ஒளியில் மூலக்கூறுகள் எல்லாம் கிளர்ந்த நிலைக்குப் போய்விட்டால் மிச்ச ஒளியை உறிஞ்ச ஆள் கிடையாது. சாயம் வெளுத்து ஒளியை விட்டுவிடும்.

இங்கேதான் தாலோசயனின் என்ற சாயம் வருகிறது. 1928ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில், ஒரு சாயத் தொழிற்சாலையில் வெள்ளையாக வரவேண்டிய சரக்கில் நீலக் கறை தென்பட்டது. பாத்திரத்தின் உட்பூச்சு விரிசல் விட்டு, வெளியே இருந்த இரும்பு கலந்ததால் வந்த வினை. இரும்புக்குப் பதில் தாமிரம் போட்டால் வருவதுதான் இன்று அச்சு மையிலும் பெயிண்டிலும் இருக்கும் அழுத்தமான நீலம். 1964ல் ஐபிஎம்மில் சொரோக்கின் குழுவினர் இந்தக் குடும்பத்துச் சாயக் கரைசலை ரூபி லேசருக்குள் வைத்தார்கள். 694 நானோமீட்டர் சிவப்பில் அது முதலில் ஒளியைத் தடுத்து நிறுத்தி, பிறகு திடீரென்று வெளுத்து, ராட்சதத் துடிப்பாக வெளியே விட்டது. கண்ணைப் பறிக்கும் வகைத் துடிப்பை உண்டாக்க உதவிய சாயம் என்று சொன்னால் தப்பில்லை.

அதே குடும்பம் 532 பச்சையில் வேறு முகம் காட்டுகிறது. அங்கே தரைநிலை மூலக்கூறு கொஞ்சம்தான் உறிஞ்சும். ஆனால் கிளர்ந்த மூலக்கூறு அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சாப்பிடச் சாப்பிடப் பசி கூடினால் எப்படி இருக்கும், அப்படி! சில சாயங்களின் இந்தக் குணத்தை 1967லேயே ஜூலியானோவும் ஹெஸ்ஸும் கவனித்து எழுதிவிட்டார்கள். மூலக்கூறின் நடுவில் ஈயம், இண்டியம் போன்ற கனமான அணுவை வைத்தால், எலக்ட்ரான் சட்டென்று ட்ரிப்ளெட் நிலைக்குத் தாவி அங்கேயே தங்கும். தங்கும் நேரமெல்லாம் பசிதான். 1992ல் கால்பந்து வடிவக் கார்பனான சி60யும் இதே வேலையைச் செய்வது தெரியவந்தது.

1996ல் கலிபோர்னியாவில் பெர்ரி குழுவினர் இண்டியம் தாலோசயனினை பிளாஸ்டிக்கில் கலந்தார்கள். எங்கும் ஒரே அளவாகக் கலக்காமல், கதிர் குவியும் இடத்தை நெருங்க நெருங்கச் சாயம் அடர்த்தியாகும்படி அமைத்தது சாமர்த்தியம். முன் அடுக்குகளும் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் கடைசி அடுக்கு கருகுவதில்லை. நானோநொடித் துடிப்பை 500 மடங்குக்கும் மேல் அது குறைத்தது.

பிறகு ஏன் கடையில் இந்தக் கண்ணாடி கிடைப்பதில்லை? காரணம் கொஞ்சம் கசப்பானது. சாயம் விழித்துக்கொள்ள ஒளி செறிவாக இருக்க வேண்டும். கண்ணைக் கெடுக்கப் போதுமான துடிப்புக்கோ, மைக்ரோஜூல் அளவுச் சக்தி இருந்தாலே போதும். அது மூக்குக் கண்ணாடியைக் கடக்கும்போது 7 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். அந்தச் செறிவில் சாயம் அசையாது. குவிந்து ஆபத்தாக மாறுவது கண்ணுக்குள் போன பிறகுதான். அங்கே போய்ச் சாயம் பூச முடியுமா? இரண்டு போட்டான்களை ஒரே நேரத்தில் விழுங்கும் மூலக்கூறுகளுக்கு (மரியா கோப்பர்ட்-மேயர் 1931லேயே கணித்தது) இன்னும் அதிகச் செறிவு வேண்டும்.

பைனாகுலர், பெரிஸ்கோப் போன்ற கருவிகளின் கதை வேறு. அவற்றுக்குள்ளேயே ஒரு குவியம் இருக்கிறது. சாயத் தகட்டை அங்கே வைக்கலாம். அதனால்தான் இந்த ஆராய்ச்சியில் ராணுவங்களுக்கு இவ்வளவு அக்கறை. நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடை செய்யும் உடன்பாடு 1995ல் ஏற்கப்பட்டு 1998ல் அமலுக்கு வந்தது. ஆனால் தூரம் அளக்கும் லேசர் தற்செயலாகக் கண்ணில் பட்டால் அது இந்தத் தடைக்குள் வராது. பைனாகுலரில் பார்க்கும் சிப்பாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் அது அதிக ஒளியைத் திரட்டித் தருகிறது.

லேப் மாணவருக்கு இன்னும் அதே ஆரஞ்சுக் கண்ணாடிதான். புள்ளியைத் தேட லேசரின் சக்தியைக் குறைத்துக்கொண்டு, ஒளிரும் அட்டையையோ கேமராவையோ வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும், கழுத்தும் வலிக்கும்.