கந்தர்வரின் நாற்காலி

நம் சங்கத்து அன்பர்களில் பலர் நிக்டியில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். ஆயினும் இவ்வூரைப் பற்றி யாரேனும் வினவினால், "வீதிகள் அகலமானவை, மரங்கள் அதிகம், ஆகுர்டி ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ரயில்வே குமாஸ்தாவுக்கு ஊர் என்பது வண்டி வந்து நிற்கும் நேரந்தானே!

பழைய மும்பைச் சாலை ஊருக்குள் நுழையும் முனையில் பக்தி-சக்தி சிலைத் தொகுதி இருக்கிறது. சத்ரபதி சிவாஜியும் துக்காராம் சுவாமிகளும் சந்திக்கும் காட்சி அது. துக்காராம் பிறந்த தேஹு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது என்றே சொல்லலாம். ஆஷாட மாதத்தில் அவருடைய பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு இவ்வழியாகத்தான் பண்டரிபுரம் செல்கிறது. ஆகுர்டியில் ஓர் இரவு தங்கும். தாளமும் அபங்கப் பாட்டுமாக ஜனசமுத்திரம் நகரும்போது, நம் ஊர்க் காவடிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளாத தமிழர் இரார்.

இத்தகைய ஊரில் சென்ற கணபதி உற்சவத்தின்போது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பந்தலில் ஓர் இசை நாடகம் நடந்தது. நடித்தவர்கள் பகலில் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் போய் வருகிற இளைஞர்கள். கதை, பால கந்தர்வரின் இறுதிக் காலம். என் தகப்பனாருக்கு மராத்தி தெரியாது. இருந்தாலும், "பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கும், வாருங்கள் அப்பா" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

பால கந்தர்வரை அறியாத நம்மவர்களுக்காகச் சிறிது கூறவேண்டும். இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ்; 1888-ல் பிறந்தவர். சிறுவனாக இவர் பாடியதைக் கேட்ட லோகமான்ய திலகர் வைத்த பெயரே பால கந்தர்வர் என்பது. 1905-ல் கிர்லோஸ்கர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சகுந்தலையாக மேடையேறினார். அக்காலத்தில் அங்கும் ஆண்களே பெண் வேடம் தரித்தார்கள். இவர் உடுத்திய பாங்கைப் பார்த்துக் குலஸ்திரீகள் புடவை கட்டப் பழகினார்கள் என்பார்கள். 1911-ல் 'மானாபமான்' நாடகம் அரங்கேறிய அன்றே அவருடைய குழந்தை இறந்துபோயிற்று. சபையோரை ஏமாற்றக்கூடாது என்று அன்றிரவு மேடைக்கு வந்து பாடினார். 1913-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். தபலாவுக்கு அகமத்ஜான் திரக்வா! மேடையில் அசல் பட்டு, அசல் அத்தர். வருமானம் வந்த வழியே போயிற்று; கடன் தலைக்கு மேல் ஏறியது.

பேசும் படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைகள் காலியாயின. அவரும் 1935-ல் பிரபாத் கம்பெனியாரின் 'தர்மாத்மா' படத்தில் ஏகநாதராக நடித்துப் பார்த்தார். மனம் ஒட்டவில்லை, மேடைக்கே திரும்பினார். வயது ஐம்பதைக் கடந்தும் பெண் வேடம் கட்டினார். பிறகு கால்கள் செயலிழந்தன. கர்நாடகப் பகுதியிலிருந்து வந்த பாடகி கௌஹர்பாயை மணந்ததனால் பழைய அபிமானிகள் பலர் விலகினார்கள். அந்த அம்மையும் அவருக்கு முன்பே காலமானார். 1964-ல் பத்மபூஷண் விருது வந்தது; 1967 ஜூலை 15-ஆம் தேதி புனாவில் உயிர் பிரிந்தது.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு நாற்காலி மட்டுமே இருந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்து அமர்த்துகிறார்கள். தோளில் சால்வை, ஒரு கை நடுங்குகிறது. எதிரே பத்துப் பேர். அவர் பஜனை பாடத் தொடங்குகிறார். பந்தலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

திரும்பும் வழியில் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் மனம் வருந்தினார். "அவ்வளவு பெரிய மனிதரின் அலங்கோலத்தை மேடையில் ஏற்றலாமா? நல்ல நாளைக் காட்டி முடித்தால் என்ன?" என்றார். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் இது இங்கு மட்டும் நடப்பதன்று. 1969-ல் லண்டனில் 47 வயதில் மாண்ட அமெரிக்கப் பாடகி ஜூடி கார்லண்டின் கடைசி மாதங்களை வைத்து 'எண்ட் ஆஃப் தி ரெயின்போ' என்று ஓர் இசை நாடகம் எழுதினார்கள். 2005-ல் சிட்னியில் தொடங்கி ஊர் ஊராக நடந்தது. பால கந்தர்வரின் வாழ்க்கையும் 2011-ல் மராத்தித் திரைப்படமாக வந்து, அதில் பாடிய ஆனந்த் பாட்டேக்குத் தேசிய விருது கிடைத்தது. நம் தியாகராஜ பாகவதரின் கதையைப் பேசுகிறவர்களும் ஹரிதாஸின் மூன்று தீபாவளியைச் சொல்லிவிட்டுச் சிறைவாசத்துக்கும், ஓடாத பிற்காலப் படங்களுக்கும், 1959-க்கும் வந்தே தீருகிறார்கள். கேட்கிறவர்களும் அங்கேதான் அருகில் நகர்ந்து உட்காருகிறார்கள்.

தகப்பனார் வழி நெடுக வாய் திறக்கவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார்:

"சுருதியை இறக்கியிருக்கணும்ப்பா."

எனக்கு விளங்கவில்லை. "கால் போனவர், கிழவர், கை நடுங்குது. ஆனா அந்தப் பையன் முதல் காட்சியிலே எந்தக் கட்டையிலே பாடினானோ அதே கட்டையிலேயே கடைசியிலும் பாடினான். வயசானா குரல் இறங்கும். இறங்கின குரலை வச்சுக்கிட்டு எங்கே நின்னு எங்கே நழுவுறதுன்னு அந்த மனுஷன் கணக்குப் போட்டிருப்பார். அதுதான் வித்தை. அதைக் காட்டாம நடுக்கத்தை மட்டும் காட்டினா என்ன அர்த்தம்? கிட்டப்பா 1933-லேயே இருபத்தேழு வயசிலே போயிட்டார். அவர் கிழக்குரல்லே பாடி யாரும் கேட்டதில்லை. இந்த மனுஷனுக்கு அதுவும் கிடைச்சிருக்கு."

என் தகப்பனார் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். விடிய விடிய வள்ளி திருமணம், பின்பாட்டும் அவரே. தாயார் காலமான பிறகு நிக்டிக்கு அழைத்து வந்தேன். பெட்டியும் கூடவே வந்தது. வந்த நாள் முதல் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. சங்கத்துக் கிருத்திகை பஜனைக்கு நண்பர்கள் அழைத்தபோதெல்லாம், "விரல் ஒத்துழைக்காது" என்று தட்டிக் கழித்துவிடுவார். நானும் வற்புறுத்தியதில்லை. உண்மையைச் சொன்னால், நாலு பேர் முன்னால் அவர் விரல் தவறுவதைக் காண எனக்குத் தைரியமில்லை. அண்டை வீட்டு நண்பரின் கட்சி என் கட்சியும்தான் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "அந்த மனுஷன் பெயரிலே கொட்டகை இருக்காமே, பார்க்கணும்" என்றார். ஆகுர்டியில் லோணாவளா லோக்கல் ஏறினோம். சிஞ்ச்வட், பிம்ப்ரி, காசர்வாடி, தாபோடி, கட்கி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். சிவாஜிநகரில் இறங்கி, ஆட்டோ வைத்து ஜங்கிலி மகராஜ் சாலைக்குப் போனோம்.

பால கந்தர்வ ரங்கமந்திருக்கு ஒரு விசேஷம் உண்டு. 1962 அக்டோபரில் அதன் அஸ்திவாரக் கல்லை நாட்டியவர் பால கந்தர்வரேதான். எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே யோசனை சொல்லிக் கட்டுவித்த கொட்டகை அது. 1968 ஜூன் 26-ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளன்று, திறப்பு விழா நடந்தது. அவர் மறைந்து ஓராண்டு நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஓவியர் கோபால் தேவுஸ்கர் தீட்டிய இரண்டு பெரிய படங்கள் உள்ளே இருக்கின்றன. ஒன்றில் அவர் ஆணாக நிற்கிறார். மற்றொன்றில் பெண் வேடத்தில். தகப்பனார் இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கையைப் பாரு. இரண்டிலும் கை ஒண்ணுதான்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் டிக்கெட் எண்ணுகிறவன், அவர் வேஷக்காரர்களோடு நாற்பது வருஷம் இருந்தவர்.

திரும்பும் வண்டியில் கூட்டம். இடம் கிடைத்து உட்கார்ந்ததும், "பெட்டியிலே துருத்தி கிழிஞ்சிருக்கும். இங்கே தைக்கிறவன் உண்டா?" என்று கேட்டார். லக்ஷ்மி சாலைப் பக்கம் ஒருவரைப் பிடித்தேன். எலி கடித்திருந்தது, புதுத்துருத்தி போட்டுக் கொடுத்தார்.

சென்ற கிருத்திகையன்று பஜனைக்கு வந்திருந்த அன்பர்கள் கவனித்திருக்கலாம். பாடியவர் வழக்கமான கட்டையில் தொடங்கியபோது, "ஒரு கட்டை குறைச்சுக்குங்க, எல்லாரும் சேர்ந்து பாடலாம்" என்றார் தகப்பனார். குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மூன்று இடங்களில் விரல் தவறியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அடுத்த கிருத்திகைக்கும் பெட்டியைத் தூக்கி வரும்படி எனக்கு உத்தரவாகியிருக்கிறது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்டு கிடையாது. இளைஞர்கள் யாரேனும் கை கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.