புளியும் தோட்டாவும்

இராஜபாளையத்து வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் தகரப்பெட்டியை இறக்கியபோது, உள்ளே பதினொரு பித்தளைத் தோட்டாக் கூடுகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. வேட்டைக்குப் போய் வந்த மறுநாள் அவற்றைப் புளித்தண்ணீரில் துலக்கி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் மருந்தும் ரவையும் அடைப்பாராம்; அப்பா சொல்லிக் கேட்டது. ஊறவிடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் செம்பு மட்டும் சிவந்து எஞ்சும், கூடு வலுவிழக்கும்.

நண்பர் ஒருவர் அமோனியா கலந்த திரவத்தைப் பரிந்துரைத்தார். நொடியில் மின்னுமாம். எனக்குத் துணிவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியக் குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. பித்தளையை இழுத்து வார்க்கையில் அதனுள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரை மூத்திரத்தின் அமோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் தெளிவாயிற்று.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு தாத்தாவின் வேட்டையும் முடிந்தது. அவர் அலைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021-இல் புலிகள் காப்பகமுமாயிற்று. இவற்றில் இனி எவரும் மருந்தடைக்கப் போவதில்லை.

ஆயினும் ஒன்றை மட்டும் புளியிட்டுத் தேய்த்தேன். களிம்பு நீங்கியதும், ஆணியால் கீறிய மூன்று கோடுகள் தெரிந்தன. அடைத்த முறைக்கு ஒரு கோடு என்பது அவர் கணக்கு என்றார் அப்பா. விழுந்த உயிர்களுக்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மற்றப் பத்தையும் நான் துலக்கவில்லை.