தரங்கம்பாடியில் ஒரு 'சகோதரர் தோட்டம்'

திருவையாறு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பொலிவியாவில் டிராக்டருக்கு ரப்பர் டயர்கூடப் போடாமல் விவசாயம் செய்யும் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களாமே, அப்படி யாராவது நம் பக்கம் வந்ததுண்டா?"

இருக்கிறார்கள். சேற்றுழவுக்கு நாம் கேஜ் வீல் மாட்டுவோம் இல்லையா, அவர்களுக்கு வருஷம் முழுக்க இரும்புச் சக்கரம்தான். ரப்பர் டயர் போட்டால் பிள்ளைகள் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார்களே என்ற கவலை! மென்னோனைட்டுகளில் ஒரு பிரிவினர் 1899-ல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தம்தரிக்கு வந்து, பஞ்ச நிவாரணத்தோடு வேலையைத் தொடங்கினார்கள். ஆனால், அதற்கு 139 வருஷம் முன்பே, அவர்களைப் போல ஆயுதம் எடுக்காமல், கை உழைப்பில் எளிமையாக வாழ்ந்த வேறொரு கூட்டம் நம் டெல்டாவுக்கு வந்துவிட்டது. அவர்கள் மொரேவியர்கள்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போனால் பொறையாறு. அதை ஒட்டியே தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த ஊர். டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பீரங்கி அருகில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே இருந்த தோட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

1760-ல் வந்த மொரேவியர்கள் போக நினைத்தது நிக்கோபார் தீவுகளுக்கு. கப்பல் அமையவில்லை. காத்திருந்த காலத்தில் ஊரிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி நிலம் வாங்கி வீடு கட்டி, பயிரும் கைத்தொழிலுமாகப் பிழைத்தார்கள். 'சகோதரர் தோட்டம்' என்று பெயர். 1706 முதல் இங்கே இருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கு இவர்கள் வரவு பிடிக்கவில்லை. ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள்ளும் வரப்புத் தகராறு உண்டு போலிருக்கிறது.

1768-ல் நிக்கோபாரின் நன்கௌரித் தீவுக்குப் போனார்கள். காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அங்கே 11 பேர். திரும்பி வந்து தரங்கம்பாடியில் 13 பேர். 1787-ல் தீவை விட்டார்கள். 1803-ல் தோட்டத்தையும் விட்டார்கள்.

நம் கண்ணோட்டத்தில், காய்ச்சல் மட்டும் காரணமல்ல. நாற்பது வருஷம் இருந்தும் இந்த மண்ணின் குடும்பங்கள் அவர்களோடு பெரிதாகச் சேரவில்லை. இறந்தவருக்குப் பதில் ஆள் ஐரோப்பாவிலிருந்து வந்தாக வேண்டும். அப்பன் கலப்பையைப் பிள்ளை பிடிக்காத நிலம் எத்தனை நாள் நிற்கும்? தம்தரியில் உள்ளூர்க்காரர்களே சபையாக ஆனார்கள்; அது இன்றும் இருக்கிறது.

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவரும் அவர்களில் இருந்தார். 1792-ல் தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் ஹெய்ன், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, பெங்களூரு லால்பாக் தோட்டத்தையும் கவனித்தார்.

சகோதரர்கள் கிளம்பி 42 வருஷம் கழித்து, 1845-ல், டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையே வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.